மூச்சைப் பார்க்கச் சொன்ன ஹைதராபாத்

ஹைதராபாத்துக்கும் மருத்துவ வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் ரொனால்ட் ராஸ் பெயரைச் சொல்வார்கள். 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைப் பார்த்தவர். அவர் வேலை செய்த கட்டிடம் பேகம்பேட்டில் இன்றும் நிற்கிறது. ராஸுக்குச் சில வருஷம் முன்னால் இதே ஊரில் இன்னொரு ஆராய்ச்சி நடந்தது. ஆபரேஷன் தியேட்டருக்குள் போய் வருகிற ஒவ்வொருவரையும் தொடுகிற விஷயம் அது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக்கூட அதைப் பற்றி அதிகம் தெரிவதில்லை.

மயக்க மருந்து கொடுத்த ஆளுக்கு உயிர் போகிறதென்றால் முதலில் நிற்பது இதயமா, மூச்சா? இதுதான் கேள்வி. விடை தேடி 1888இலும் 1889இலும் நிஜாம் அரசின் செலவில் இரண்டு கமிஷன்கள் உட்கார்ந்தன. ஹைதராபாத் குளோரோஃபார்ம் கமிஷன் என்று பெயர். கிடைத்த விடையில் பாதி பின்னால் தவறென்று ஆனது. மீதிப் பாதி இன்றைக்கும் ஒவ்வொரு ரெகவரி அறையிலும் உயிர் காத்துக்கொண்டிருக்கிறது. அந்த மீதிப் பாதியை, நோயாளியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிற நாமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் கதை.

1847 நவம்பரில் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்ஸன் குளோரோஃபார்மைப் பிரசவ வலிக்கும் ஆபரேஷனுக்கும் கொடுக்க ஆரம்பித்தார். ஈதரைவிடச் சீக்கிரம் மயங்க வைக்கும், மூக்கை எரிக்காது, கைக்குட்டையில் சில சொட்டு போதும். உலகமே கொண்டாடியது. மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1848 ஜனவரி 28ஆம் தேதி, இங்கிலாந்தில் நியூகாசலுக்குப் பக்கத்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண், கால் விரல் நகத்தை எடுப்பதற்காகக் கொடுத்த குளோரோஃபார்மில் சில நிமிஷத்துக்குள் இறந்துபோனாள். வெறும் ஒரு நகத்துக்காக. அதற்குப் பிறகு இந்த மாதிரிச் சாவுகள் அங்கங்கே தொடர்ந்தன. ஏன் சாகிறார்கள் என்பதில் டாக்டர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். லண்டன் பக்கம், இதயம் திடீரென்று நிற்கிறது, அதனால் நாடியைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றது. எடின்பரோ பக்கம், மூச்சு முதலில் கெடுகிறது, அதைக் கவனித்தால் போதும், நாடி பார்க்கிற நேரத்தில் மூச்சைக் கோட்டைவிட்டுவிடுவீர்கள் என்றது. எடின்பரோ கட்சியின் குரு ஜேம்ஸ் சைம். அவருடைய மாணவர்களில் ஒருவர் எட்வர்ட் லாரி.

இந்த லாரிதான் 1885இல் ஹைதராபாத்துக்கு பிரிட்டிஷ் ரெசிடென்சியின் சர்ஜனாக வந்தவர். ஹைதராபாத் மெடிக்கல் ஸ்கூலும் (இன்றைய உஸ்மானியா மெடிக்கல் காலேஜின் மூலம் அதுதான்) அவர் பொறுப்பில் வந்தது. மூசி நதிக்கரையில் இருந்த அஃப்சல்கஞ்ச் ஆஸ்பத்திரியில் சைம் சொன்னபடியே குளோரோஃபார்ம் கொடுத்தார், மாணவர்களுக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்தார். தன் முறையில் சாவே இல்லை என்பது அவர் வாதம். லண்டன் நம்பவில்லை. ஆறாவது நிஜாம் மஹபூப் அலி கான் அப்போது இருபது வயதைத் தாண்டிய இளைஞர். லாரி கேட்க, பணம் கொடுத்து 1888இல் முதல் கமிஷனை நடத்தச் செய்தார். நாய்களுக்குக் குளோரோஃபார்ம் கொடுத்து எது முதலில் நிற்கிறது என்று பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் மூச்சுதான் முதலில் நின்றது என்றது அறிக்கை. 'லான்செட்' பத்திரிகை அதையும் ஏற்கவில்லை, பரிசோதனை முறை போதாது என்றது.

அதற்கு ஹைதராபாத் கொடுத்த பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. நீங்களே ஓர் ஆளை அனுப்புங்கள், செலவுக்கு ஆயிரம் பவுண்ட் நிஜாம் தருகிறார் என்று லான்செட்டுக்கே எழுதினார்கள். பத்திரிகை அனுப்பிய ஆள் தாமஸ் லாடர் பிரண்டன். அந்தக் காலத்தின் பெரிய மருந்தியல் நிபுணர். குளோரோஃபார்ம் இதயத்தை நேரடியாக நிறுத்தும் என்று நம்பியவரும்கூட. 1889 இறுதியில் இரண்டாவது கமிஷன் வேலையை ஆரம்பித்தது. லாரி தலைவர், பிரண்டன், கல்கத்தாவிலிருந்து வந்த ஜெரால்ட் பாம்ஃபோர்ட், டாக்டர் ருஸ்தம்ஜி ஆகியோர் உறுப்பினர்கள். நாய், குரங்கு, ஆடு, குதிரை, பூனை, முயல் என்று ஐந்நூறை ஒட்டிய பிராணிகள். அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றில் ரத்த அழுத்தத்தை வரைபடமாகப் பதிவு செய்தார்கள். இன்றைய கண்ணோடு படிக்கும்போது மனது கனக்கிறது. அத்தனை வாயில்லா ஜீவன்கள். அந்தப் பிராணிகளின் கணக்கைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது நியாயமில்லை.

டிசம்பரில் பிரண்டன் லண்டனுக்குத் தந்தி அடித்தார்: ஆபத்து மூச்சுத் திணறலிலும் அளவு மீறலிலும்தான் இருக்கிறது, இதயத்தை நேரடியாகத் தாக்குவதில் இல்லை. ஹைதராபாத் வந்த இடத்தில் அவருடைய கருத்தே மாறிவிட்டது. 1890 ஜனவரியில் லான்செட் முழு அறிக்கையையும் வெளியிட்டது.

பாதி தவறு என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். 1911இல் குட்மன் லெவி என்ற ஆங்கிலேய மருத்துவர் பூனைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சியில், குளோரோஃபார்ம் மயக்கம் ஆழமாக இல்லாமல் மேலோட்டமாக இருக்கும்போது, பயத்தில் சுரக்கிற அட்ரினலின் சேர்ந்தால், இதயத்தின் கீழறைகள் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடலாம் என்று காட்டினார். ஹன்னா கிரீனர் மாதிரியான திடீர்ச் சாவுகளுக்கு அது பொருத்தமான விளக்கம். லாரி கடைசிவரை ஒரே பிடியாக இருந்தார். இதயத்துக்கு ஒன்றும் ஆகாது என்ற அவருடைய உறுதியை நம்பி நாடியைக் கவனிக்காமல் விட்டவர்களும் இருந்திருப்பார்கள். மயக்கத்தில் இருப்பவருக்கு இதயமும் வேண்டும், மூச்சும் வேண்டும். இன்றைய மானிட்டரில் இரண்டும் ஓடுகின்றன.

ஆனால் அந்தக் கமிஷன் எழுதிவைத்த நடைமுறை விதிகளைப் படித்துப் பாருங்கள். நோயாளியைப் படுக்க வைக்க வேண்டும். கழுத்திலோ மார்பிலோ வயிற்றிலோ இறுக்கமான துணி இருக்கக் கூடாது, மூச்சின் அசைவு கண்ணுக்குத் தெரிய வேண்டும். மருந்து கொடுப்பவரின் கவனம் முழுவதும் மூச்சின் மேல் இருக்க வேண்டும், ஆபரேஷனை வேடிக்கை பார்க்கக் கூடாது. குறட்டை மாதிரிச் சத்தம் வந்தாலோ மூச்சு தடைப்பட்டாலோ, கீழ்த்தாடையின் மூலைக்குப் பின்னால் விரல் வைத்து, கீழ்ப்பல் வரிசை மேல்பல் வரிசைக்கு முன்னால் வரும்படி தாடையைத் தூக்க வேண்டும்.

இந்தக் கடைசி விதியை நான் கண்ணால் பார்த்தேன். செகந்திராபாத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் ரெகவரி அறையில்.

அத்தைக்குப் பித்தப்பைக் கல். லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன். உடம்பு கொஞ்சம் கனம், ராத்திரி குறட்டை அதிகம். காது மந்தம் என்பதால் ஹியரிங் எய்டை உள்ளே போகும் முன் கழற்றி என் கையில் கொடுத்திருந்தார்கள். ஆபரேஷன் முடிந்து கூப்பிட்டால் அத்தைக்குக் காது கேட்கவில்லை, தெலுங்கும் அவ்வளவாக வராது. அதனால், சாதாரணமாக வெளி ஆட்களை விடாத அந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு, கவுன் மாட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். ஹியரிங் எய்டை நானே காதில் வைத்துவிட்டேன்.

முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க். விரலில் கிளிப். மானிட்டரில் 98. எனக்கு நிம்மதியாக இருந்தது, என் கண் அந்த எண்ணை விட்டு நகரவில்லை. நர்ஸம்மா மானிட்டரைப் பார்க்கவே இல்லை. ஒரு உள்ளங்கையை அத்தையின் மேல் வயிற்றில் லேசாக வைத்துக்கொண்டு நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது, பிறகு சத்தம் நின்றது. நெஞ்சு உள்ளே போகிறது, வயிறு மேலே வருகிறது, மறுபடி அப்படியே. மூச்சு நன்றாக விடுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. நர்ஸ் உடனே தலைப்பக்கம் போய், இரண்டு கையாலும் காதுக்குக் கீழே தாடை எலும்பின் மூலையில் விரல்களைக் கொடுத்து, தாடையை மேலே தூக்கினார். மாஸ்க்குக்குள் பனி படர்ந்தது. நெஞ்சும் வயிறும் ஒன்றாக உயர்ந்தன. அதே நேரம் குரல் கொடுத்து மயக்க டாக்டரையும் வரவழைத்தார்.

நான் மானிட்டரைக் காட்டி, 98 இருக்கிறதே என்றேன். "நெம்பர் பாகானே உந்தி. கானி ஊபிரி சூடண்டி" என்றார். எண் நன்றாகத்தான் இருக்கிறது, மூச்சைப் பாருங்கள் என்று. பிறகு அத்தையிடம், "அம்மா, பெத்த ஊபிரி தீஸ்கோண்டி" என்றார். நான் காதருகே குனிந்து, "அத்தை, நல்லா இழுத்து மூச்சு விடுங்க, கண்ணைத் திறங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். டாக்டர் வந்து பார்த்து, தலைமாட்டை உயர்த்தச் சொன்னார், இன்னும் சிறிது நேரம் அங்கேயே வைத்திருக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அத்தை கண்ணைத் திறந்து, "எல்லாம் முடிஞ்சுதாப்பா?" என்று கேட்டார். அவ்வளவுதான். ஒன்றும் ஆகவில்லை. ஆகாமல் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த 98 எப்படி வந்தது என்பதுதான் அன்றிலிருந்து என்னைப் படிக்க வைத்தது.

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் என்கிற அந்தக் கிளிப், விரல் வழியாகச் சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் பாய்ச்சுகிறது. ஆக்ஸிஜன் ஏற்றிய ஹீமோகுளோபின் ஒரு மாதிரி ஒளியை உறிஞ்சும், ஏற்றாதது வேறு மாதிரி உறிஞ்சும். துடிப்போடு ஏறி இறங்குகிற பகுதியை மட்டும் பிரித்தெடுத்துக் கணக்குப் போட்டால், தமனி ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஆக்ஸிஜன் ஏறியிருக்கிறது என்று வரும். ஜப்பானில் நிஹான் கோடென் கம்பெனிப் பொறியாளர் தகுவோ அயோயாகி 1974இல் வெளியிட்ட யோசனை இது. 2020 ஏப்ரலில், கொரோனாவுக்காக உலகமே அந்தக் கிளிப்பை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டிருந்த மாதத்தில், அவர் காலமானார். அந்தக் கிளிப் வருவதற்கு முன்னால் உதடும் நகமும் நீலம் பாரிக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதுதான் வழி. நம் மாநிறத் தோலில் நீலம் தெரியும்போது காலம் கடந்திருக்கும். ரெகவரி அறையிலிருந்து வார்டுக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்ய 1970இல் அல்ட்ரேட் என்ற மருத்துவர் ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தார். கை கால் அசைவு, மூச்சு, ரத்த அழுத்தம், நினைவு, தோலின் நிறம் என்று ஐந்து. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். 1995இல் அவரே தோல் நிறத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆக்ஸிமீட்டர் எண்ணை வைத்தார். பத்துக்கு ஒன்பதாவது வந்தால்தான் அங்கிருந்து கிளப்புவார்கள். மூச்சுக்கான இரண்டு மதிப்பெண் மட்டும் தனியாக அப்படியே இருக்கிறது, கவனியுங்கள். ஆழமாக மூச்சிழுத்து இருமச் சொல்லிப் பார்த்துத்தான் அதைப் போடுவார்கள்.

ஏன் தனியாக வேண்டும்? மூச்சுக்கு இரண்டு வேலை. ஆக்ஸிஜனை உள்ளே கொண்டுவருவது ஒன்று, கரியமில வாயுவை வெளியே தள்ளுவது இன்னொன்று. கிளிப் முதல் வேலையை மட்டும்தான் பார்க்கிறது. நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றில் 21 சதவீதம் ஆக்ஸிஜன். மருந்தின் மயக்கத்தில் ஒருவருக்கு மூச்சு பாதியாகக் குறைந்து, ரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் வழக்கமான 40 மில்லிமீட்டர் பாதரசத்திலிருந்து 80க்கு ஏறிவிட்டது என்று வையுங்கள். சாதாரணக் காற்றில் இருந்தால் நுரையீரலின் காற்றறைகளில் ஆக்ஸிஜன் அழுத்தம் 50 அளவுக்கு இறங்கும், கிளிப் 85ஐ ஒட்டிக் காட்டி அலாரம் அடிக்கும். அவருக்கே மாஸ்க் போட்டு 28 சதவீதம் ஆக்ஸிஜன் கொடுத்தால் அந்த அழுத்தம் 100க்கு வந்துவிடும். கிளிப் 97, 98 என்று காட்டும். அலாரம் இல்லை. மூச்சு மட்டும் பாதிதான். கரியமில வாயு ஏற ஏறத் தூக்கம் ஆழமாகும், தூக்கம் ஆழமாக ஆக மூச்சு இன்னும் குறையும். அத்தையின் மாஸ்க் போட்ட முகத்துக்குப் பக்கத்தில் மின்னிய 98ஐ நினைத்தால் இன்றைக்கும் வயிற்றில் ஏதோ செய்கிறது.

ஆக்ஸிஜன் கொடுப்பது தவறு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது வேண்டும், தரத்தான் வேண்டும். மாஸ்க் போட்டிருக்கும்போது எண்ணை மட்டும் நம்பி உட்காரக் கூடாது என்பதுதான் விஷயம்.

இந்த எண் தாமதமாகவும் வருகிறது. மூச்சு நின்ற பிறகும் நுரையீரலில் இருக்கிற ஆக்ஸிஜன் கொஞ்ச நேரம் ரத்தத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். முன்கூட்டியே ஆக்ஸிஜன் கொடுத்திருந்தால் நிமிஷக் கணக்கில்கூடப் போகும். அந்த ரத்தம் விரல் நுனிக்கு வர வேண்டும், கருவி சில வினாடிகளின் சராசரியைப் போட வேண்டும். 100லிருந்து 90 வரை மெதுவாக இறங்கும். 90க்குக் கீழே சரிவு செங்குத்து. ஹீமோகுளோபினின் இயல்பே அப்படி. 90 என்பது தமனியில் ஏறக்குறைய 60 மில்லிமீட்டர் அழுத்தம். அதிலிருந்து கொஞ்சம் குறைந்தாலும் எண் சடசடவென்று விழும். அதனால்தான் மயக்க டாக்டர்கள் 94, 93 என்னும்போதே எழுந்து வந்துவிடுகிறார்கள்.

கை சில்லிட்டிருந்தால், நடுங்கினால், நகப்பூச்சு இருந்தால் கிளிப் தடுமாறும். ஹைதராபாத்தில் கல்யாணத்துக்கும் ஈதுக்கும் கை நிறைய மெஹந்தி போடுவது வழக்கம். கருப்பு மெஹந்தி ஏறிய விரலில் சில சமயம் சரியாகப் படிக்காது. தோல் நிறமும் கணக்கில் வரும். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், கிளிப் நல்ல எண்ணைக் காட்டியபோதும் ரத்தப் பரிசோதனையில் ஆக்ஸிஜன் குறைவாக இருந்தது கறுப்பின நோயாளிகளிடம் வெள்ளையரைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. நம் ஊர்த் தோலுக்கு இதைப் பற்றி இன்னும் நிறைய ஆராய்ச்சி வர வேண்டும். அதற்கு நிஜாம் மாதிரி யாராவது ஆயிரம் பவுண்டை எடுத்து வைத்தால் நன்றாக இருக்கும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

மயக்கத்திலிருந்து வெளியே வரும்போது மூச்சு ஏன் கெடுகிறது? தூங்க வைக்கிற மருந்தின் மிச்சம் ஒரு காரணம். வலிக்குக் கொடுக்கும் ஃபென்டனில், மார்ஃபின் இன்னொன்று. இவை மூளையில் மூச்சை நடத்தும் இடத்தையே மந்தப்படுத்தும். நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடலாம், அத்தைக்கு நடந்தது அதுதான். குழந்தைகளுக்குக் குரல்வளை திடீரென்று இறுகி மூடிக்கொள்வதும் உண்டு. மேல்வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்கள் வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுவார்கள், நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிப்போகும்.

இதில் நான் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புவது தசை தளர்த்தும் மருந்தைப் பற்றி. வெக்குரோனியம், அட்ராக்குரியம் என்று பெயர்கள். மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடவும், வயிற்றுத் தசை இறுகாமல் இருக்கவும் கொடுப்பது. ஆபரேஷன் முடிந்ததும் நியோஸ்டிக்மின் போன்ற மாற்று மருந்து கொடுத்து அதன் வேலையை முறிப்பார்கள். சமீப காலமாகச் சுகாமாடெக்ஸ் என்ற விலை கூடிய மருந்தும் வந்திருக்கிறது. சிக்கல் என்னவென்றால், உதரவிதானம் சீக்கிரம் பலம் பெற்றுவிடும். தொண்டைத் தசைகள் பிறகுதான் வரும். ஆள் மூச்சு விடுவார், கையைக்கூட இறுக்குவார், ஆனால் எச்சிலை விழுங்கவும் நாக்கைத் தாங்கவும் பலம் வந்திருக்காது. மணிக்கட்டில் சின்ன மின்தூண்டல் கொடுத்துக் கட்டை விரல் எத்தனை பலமாக அசைகிறது என்று அளக்கும் கருவி இருக்கிறது. நான்கு தூண்டலில் நான்காவது அசைவு முதலாவதில் குறைந்தது 90 சதவீதம் இருந்தால்தான் டியூபை எடுக்கலாம் என்பது இன்றைய விதி. எல்லா ஆஸ்பத்திரியிலும் இந்தக் கருவி இல்லை. இருக்க வேண்டும். லேப்ராஸ்கோப்பி கேமராவுக்குச் செலவழிக்கிற நிர்வாகங்களுக்கு இது பெரிய செலவே இல்லை.

வெளிவிடும் காற்றில் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃப் விஷயமும் இதேதான். தியேட்டருக்குள் மூச்சுக்கு மூச்சு ஒரு மேடு வரைந்துகொண்டே இருக்கும். மூச்சு நின்றால் சில வினாடிகளிலேயே கோடு தட்டையாகும். டியூபை எடுத்து வெளியே தள்ளிக்கொண்டு வந்ததும் பெரும்பாலும் அது தியேட்டரிலேயே நின்றுவிடுகிறது. நோயாளி தனியாக மூச்சு விட ஆரம்பிக்கிற முதல் அரை மணி நேரத்தில்தான் அது அதிகம் தேவை.

வார்டுக்குப் போன பிறகு நிலைமை இன்னும் மோசம். நான்கு மணிக்கு ஒரு தரம் நாடி, பிரஷர், காய்ச்சல் பார்த்து எழுதுவார்கள். மூச்சு என்ற கட்டத்தில் 18 அல்லது 20 என்று எண்ணாமலே எழுதிவிடுவது உலகம் முழுக்க மருத்துவப் பத்திரிகைகள் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டும் குறை. ஒரு நர்ஸ் எத்தனை படுக்கையைப் பார்க்கிறார் என்று பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆள் போடாதவர்களைத்தான் சொல்ல வேண்டும். அந்த இடத்தில்தான் கூட இருக்கிற நாம் வருகிறோம்.

மூச்சை எண்ணுவதற்குப் படிப்பு வேண்டாம். செல்போனில் ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டு, நெஞ்சோ வயிறோ எத்தனை தரம் உயர்கிறது என்று எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 12லிருந்து 20 வரை சாதாரணம். பத்துக்குக் கீழே இறங்கினால், முக்கியமாக வலிக்கு ஊசி போட்ட பிறகு இறங்கினால், நர்ஸைக் கூப்பிடுங்கள். எட்டுக்குக் கீழே என்றால் சத்தம் போட்டே கூப்பிடலாம், ஒருத்தரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நெஞ்சும் வயிறும் எதிரெதிராக அசைவது, குறட்டை விட்டுவிட்டு நடுவில் சத்தமே இல்லாமல் போவது, பேர் சொல்லித் தட்டி எழுப்பினாலும் பதில் இல்லாமல் மறுபடி தூங்கிப் போவது, இவையும் அப்படித்தான். "நல்லா தூங்கறார், தொந்தரவு பண்ணாதீங்க" என்று வந்து போகிற உறவினர்கள் சொல்வார்கள். ஆபரேஷன் ஆன முதல் ராத்திரி அந்தப் பேச்சைக் கேட்க வேண்டாம். வலி மருந்தை நோயாளியே பட்டனை அழுத்தி ஏற்றிக்கொள்கிற பம்ப் வைத்திருந்தால், பாவம் வலிக்குதே என்று அந்தப் பட்டனை நாம் அழுத்தவே கூடாது. தூங்குகிறவர் அழுத்த மாட்டார் என்பதே அந்தப் பம்ப்பின் பாதுகாப்பு.

ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க டாக்டர் வந்து கேட்கிற கேள்விகளுக்கு ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள். குறட்டை விஷயத்தை நம் ஆட்கள் வெட்கப்பட்டு மறைப்பார்கள், அதிலும் பெண்கள். வீட்டில் பக்கத்தில் படுப்பவர் சொல்லட்டும்: சத்தமாகக் குறட்டை உண்டா, நடுவில் மூச்சு நின்று திணறி விழிக்கிறாரா, பகலெல்லாம் தூங்கி வழிகிறாரா. தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறு இருக்கிறவர்களுக்கு மயக்க மருந்தின் அளவும் வலி மருந்தின் தேர்வும் மாறும், கண்காணிக்கும் நேரம் நீளும். வீட்டில் மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி வைத்துத் தூங்குகிறவர் அதை ஆஸ்பத்திரிக்கே எடுத்துப் போக வேண்டும். தூக்க மாத்திரை, குடி, புகை, முன்னால் ஆபரேஷன் ஆனபோது விழிக்க நேரமானது, குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது, எல்லாம் சொல்ல வேண்டியவை. திட உணவு ஆறு மணி நேரம், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்னால் நிறுத்தச் சொல்வதும் மூச்சுக்காகத்தான்; வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடக் கூடாது.

இந்த மயக்க டாக்டர் யார் என்று கேட்டுப் பேரைத் தெரிந்துகொள்ளுங்கள். சர்ஜன் பெயரை ஊரெல்லாம் சொல்வோம், இவர் பெயரை யாரும் கேட்பதில்லை. கேட்காத இந்தப் பழக்கம் ரொம்பப் பழையது. 1885இல் லாரியின் மெடிக்கல் ஸ்கூலில் ஐந்து பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் ரூபா பாய் ஃபர்தூன்ஜி, பார்சிக் குடும்பத்துப் பெண். இரண்டாவது கமிஷன் நடந்த 1889இல்தான் படிப்பை முடித்தார். ரெசிடென்சி ஆஸ்பத்திரியில் (இன்றைய சுல்தான் பஜார் பிரசவ ஆஸ்பத்திரி) வருஷக் கணக்கில் குளோரோஃபார்ம் கொடுத்தவர். உலகத்திலேயே முதல் பெண் மயக்க மருத்துவர் என்று அவரைச் சொல்கிறார்கள். 1909இல் எடின்பரோவுக்கே போனார். மயக்க மருந்துக்கென்று தனிப் பட்டம் அப்போது இல்லாததால், மயக்க வாயுக்களுக்கு அடிப்படையான இயற்பியலும் வேதியியலும் படித்துவிட்டு இதே ஊருக்குத் திரும்பி வந்தார். ஒரு குப்பி, ஒரு துணிக்கூம்பு, ஏறி இறங்குகிற நெஞ்சு; அவர் கையில் இருந்த மானிட்டர் அவ்வளவுதான். கிளிப் வர இன்னும் பல தலைமுறை இருந்தது.

அஃப்சல்கஞ்ச் ஆஸ்பத்திரியை 1908 செப்டம்பரில் மூசி வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அந்த வெள்ளத்தில் நூற்றைம்பது பேர் ஏறி உயிர் தப்பினார்கள் என்று சொல்லப்படும் புளியமரம், அதன் இடத்தில் பின்னால் வந்த உஸ்மானியா ஆஸ்பத்திரி வளாகத்தில் நிற்கிறது. மரத்துக்குப் பலகை உண்டு. ரூபா பாய்க்கும் குளோரோஃபார்ம் கமிஷனுக்கும் அதே மாதிரி எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒரு பலகை வைக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வருகிற ஜனங்கள் படிக்கும்படி தெலுங்கிலும் உருதுவிலும், வாசலிலேயே.

அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுகிற சின்ன ஆபரேஷன்கள் இப்போது அதிகம். அதனால் கடைசியாக இது. முதல் 24 மணி நேரம் அவரைத் தனியாக விட வேண்டாம், வண்டி ஓட்ட விட வேண்டாம், மதுவும் டாக்டர் சொல்லாத தூக்க மாத்திரையும் வேண்டாம். தலையணை ஒன்று கூடுதலாக வைத்தோ ஒருக்களித்தோ படுக்கட்டும். ராத்திரி ஒரு தரமாவது எழுந்து போய் மூச்சை எண்ணிப் பாருங்கள், பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இன்னொருவரை விட்டு 108க்கு அடிக்கச் சொல்லுங்கள்.